புழுவை எங்கே தொடுகிறோம் என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த நன்னீர்ப் புழுக்கள் பற்றிய கட்டுரை, அவற்றின் தற்காப்பைத் 'தொட்டால் சுருங்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எங்கே தொட்டால் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஐரோப்பா, வட அமெரிக்கக் குளங்களின் ஓரத்தில் மட்கும் இலைகளுக்கிடையே வாழும் லும்ப்ரிகுலஸ் புழுவுக்குச் செவுள் கிடையாது. தலையைச் சேற்றில் புதைத்து, வாலை நீர்மட்டம் வரை உயர்த்தி, நுனியைச் செங்கோணமாக மடித்து நீர்ப்பரப்பில் கிடத்தி மூச்சு விடும். மீன் கொத்துவதற்கு இதைவிட வாகான நிலை வேண்டுமா? கண் இல்லாவிட்டாலும் வாலில் ஒளியுணர் செல்கள் உண்டு. நிழல் விழுந்த கணத்தில் வால் உள்ளே போய்விடும்.

வயிற்றுப்புற நரம்பு வடத்தின் மேற்பகுதியில் மூன்று பெரு நரம்பிழைகள், அதாவது தப்பும் அசைவுக்கான செய்தியை விரைந்து கடத்தும் தடித்த இழைகள், ஓடுகின்றன. உடலின் முன்பாதியில் பட்ட தொடுகை நடு இழையைத் தூண்டும். பின்பாதியில் பட்ட தொடுகையும் வாலில் விழுந்த நிழலும் பக்க இழைகள் இரண்டையும் சேர்த்துத் தூண்டும். கணுவுக்குக் கணு (உடல் வளையத்துக்கு வளையம்) இந்த இழைகளின் செல்கள் மின்தொடர்பில் இணைந்திருப்பதால் செய்தி எங்கும் தாமதிப்பதில்லை. மண்புழுவிலும் இதே அமைப்புதான். புழு அறுந்து வால் துண்டில் புதுத் தலை முளைத்தால், முன்பு பக்க இழைகளைத் தூண்டிய கணுக்கள் இப்போது முன்பாதியில் வந்துவிடுவதால் சில வாரங்களில் நடு இழையைத் தூண்டத் தொடங்கிவிடும். இந்தப் புழுவில் மிகவும் வியப்பானது இதுதான் என்பேன். கட்டுரையில் இது இல்லாதது பெரிய குறை.

திறந்த நீரில் கிடக்கும் புழு வேறு மாதிரி தப்பும். தலைப்பக்கம் தொட்டால் உடலை மடித்து எதிர்த்திசைக்குத் திரும்பும். வால்பக்கம் தொட்டால் வலம்புரி, இடம்புரி என மாறி மாறித் திருகலாக நீந்தும். கூட்டமாகப் பின்னிப் பந்தாகிக் கிடக்கும் புழுக்களுக்கும் இந்தத் திருகல் மாற்றமே கைகொடுக்கிறது. பின்னிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும் முடிச்சு, மிரண்டால் மில்லிநொடிகளில் அவிழ்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகக் குழுவினர் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2023-இல் இதை விளக்கியது.

பள்ளியில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் அலங்கார மீன்களுக்கு இரையாக விற்கும் டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப்புழு போதும். அது நீந்தாது, வாலை இழுத்துக்கொள்வதைத்தான் பார்க்க முடியும். 'பிளட் வார்ம்' என்று விற்பது பூச்சியின் இளம்புழு, அதை வாங்க வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகே பயன்படுத்துங்கள். கண்ணாடிக் குவளையில் இரண்டு செ.மீ. மென்மணல், அதன் மேல் நான்கைந்து செ.மீ. தண்ணீர். புழுக்களை இடுக்கியால் எடுக்காதீர்கள், உடல் அறுந்துபோகும். நுனி வெட்டிய பிளாஸ்டிக் டிராப்பரால் உறிஞ்சி விடுங்கள். அவை மணலில் புதைந்து வாலை ஆட்டத் தொடங்கும்வரை காத்திருந்து, ஈர்க்குச்சி நுனியில் ஒட்டிய ஒற்றைத் தூரிகை முடியால் ஒரு வாலை மட்டும் தொடுங்கள்.

சோதனை பெரும்பாலும் கெடுவது மேசை அதிர்வால். மாணவர்கள் நெருக்கியடித்து மேசையில் சாய்ந்தால் எல்லா வால்களும் ஒரே நேரத்தில் மறையும். அதைத் தொடுகையின் விளைவென்று குறித்துவிடுவார்கள். ஆகவே முடியை வாலில் படாமல் அருகில் மட்டும் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்தடுத்துத் தொட்டால் புழு பழகிப்போய் அசையாது. இரண்டு தொடுகைகளுக்கு நடுவே ஓரிரு நிமிடம் விடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் எதிர்வினை மந்தமாகும்.

டியூபிஃபெக்ஸ் பெரும்பாலும் சாக்கடைச் சேற்றில் எடுக்கப்படுவது. மாணவர்கள் வெறுங்கையால் தொடக் கூடாது, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். மீந்த புழுக்களைக் குளத்திலோ கிணற்றிலோ கொட்டாமல் வளர்ப்பு மீன்களுக்கே போட்டுவிடலாம்.

— விலங்கியல் ஆசிரியர், தஞ்சாவூர்