மெத்திலீன் புளூ போதும், ஃபுளோரினுக்கு வாருங்கள்

மதுரை வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டதும் வினையை வேகப்படுத்தும் பொருள், என்று புராஜெக்ட் எடுத்தால் பெரும்பாலும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம்தான். டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைப் போட்டு பீக்கரை மொட்டை மாடி வெயிலில் வைப்போம், நீலம் வெளிறும், அளவெடுத்துத் தீசிஸ் எழுதிவிடுவோம். கற்றுக்கொள்ள நல்ல சோதனைதான், ஆனால் அதோடு நின்றுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

தீயணைப்பு நுரை, தண்ணீர் ஒட்டாத துணி இவற்றில் வரும் பிஃபாஸ் (PFAS) சேர்மங்களை, அதாவது கார்பன் சங்கிலியில் ஃபுளோரின் ஒட்டிய செயற்கை வேதிப்பொருள்களை எடுங்கள். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 485 கிலோஜூல் வேண்டும், அதனால்தான் இவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடக்கின்றன. பிஃபாஸ் வகையைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும் பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும், எளிதில் அழியாத மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறின. குடிநீரில் இந்த இரண்டில் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கா 2024-ல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்.

சாயத்துக்குப் போட்ட அதே பொடி இங்கே சரிவராது. வெயிலில் அந்தப் பொடி உண்டாக்கி, சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற வீரியமான துகளுக்கு பி.எஃப்.ஓ.ஏ.வின் கார்பன் சங்கிலியில் பிடுங்குவதற்கு ஒரு ஹைட்ரஜன்கூடக் கிடையாது. ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2020-ல் போரான் நைட்ரைடையும் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியையும் வைத்து அதை உடைத்துக் காட்டியது. 2024-ல் சீன ஆய்வாளர்கள் ஒரு கரிம வினையூக்கியால் 40 முதல் 60 டிகிரி சூட்டிலேயே டெஃப்லானிலிருந்து ஃபுளோரினைப் பிரித்தார்கள்.

நிறம் போவதைப் பார்த்து முடிவு சொல்கிற வேலை இதில் இல்லை. பி.எஃப்.ஓ.ஏ. காணாமல் போனது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பொடியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லாவிட்டால் சங்கிலி குட்டையாகி வேறொரு பிஃபாஸாக அதே தண்ணீரில் இருக்கலாம். முதலில் இருட்டில் வைத்து எவ்வளவு ஒட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் விளக்கைப் போட்டு, தண்ணீரில் வெளிவந்த ஃபுளோரைடை அளக்கும் ஃபுளோரைடு எலெக்ட்ரோடால் அளந்து பாருங்கள். பி.எஃப்.ஓ.ஏ.வின் ஒரு மூலக்கூறில் 15 ஃபுளோரின், அதில் எத்தனை வெளியே வந்தது என்பதுதான் கணக்கு. வந்த ஃபுளோரைடைக் கால்சியம் உப்பு போட்டு வீழ்படிவாக்கி எடுத்துவிடலாம்.

மதுரை வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கின் கசிவுநீரில் மாநகராட்சி அனுமதியோடு மாதிரி எடுங்கள். அங்கே மாசு இருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை, வெளிநாட்டுக் குப்பைமேட்டுக் கசிவுநீரில் பிஃபாஸ் தென்பட்டிருக்கிறது, நம்மூரிலும் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். கலவையைப் பிரித்து ஒவ்வொரு சேர்மத்தையும் நானோகிராம் அளவில் அளக்கும் எல்.சி.எம்.எஸ். (LC-MS) எந்திரம் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. இருக்கிற கல்லூரி மற்ற மாணவர்களுக்கும் மாதத்தில் சில நாள் திறந்துவிடட்டும்.