35 டாலர் கணினி: விலை தெரிந்தது, வேலை தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 2010 ஜூலை 22 அன்று மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் தில்லியில் எடுத்துக்காட்டிய 35 டாலர் டேப்லெட் கணினி பற்றிய செய்தி வந்ததிலிருந்து எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில்கூட அதே பேச்சாக இருக்கிறது. விலை சுமார் 1,500 ரூபாய் என்றும், போகப்போக அது 20 டாலராகவும் 10 டாலராகவும் இறங்கும் என்றும், 2011-இல் மாணவர் கைகளுக்கு வந்துவிடும் என்றும், ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இதன் வடிவமைப்பில் பங்கேற்றுள்ளன என்றும் அறிந்தோம். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் காலை பத்து மணிக்கு என்ன செய்வான் என்பது மட்டும் நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில், இதுவரை வெளியான கூறுகளை வைத்து அதை ஊகித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய கதையை நினைவுபடுத்த வேண்டும். 2009 பிப்ரவரியில் திருப்பதியில் ‘10 டாலர் மடிக்கணினி’ வெளியாகப் போகிறது என்று நாடே காத்திருந்தது. மேடையில் வந்து சேர்ந்ததோ திரையும் இல்லாத, விசைப்பலகையும் இல்லாத, தகவல்களைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டி. சூடு கண்ட பூனையாக இருக்கும் நம்மை இந்த முறை மறுபடியும் அடுப்பண்டை அழைக்கிறார்கள். ஆனால் இம்முறை அமைச்சர் கையில் தொடுதிரையுடன் கூடிய ஒரு கருவியே இருந்தது என்பதையும், அன்றைய ஏமாற்றத்தை வைத்து இதையும் கேலி செய்வது நியாயமாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கருவியில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதிலிருந்துதான் அதன் நோக்கம் எனக்குப் பிடிபடுகிறது. உள்ளே ஹார்டு டிஸ்க் கிடையாது. கைபேசியில் செருகுவது போன்ற மெமரி கார்டுதான். இயங்குதளம் காசு கொடுத்து வாங்க வேண்டாத லினக்ஸ். இணையம் பார்க்கலாம், பி.டி.எஃப். கோப்புகளைப் படிக்கலாம், வைஃபை வழியாக வீடியோ கலந்துரையாடல் நடத்தலாம் என்கிறார்கள். சேமிக்க இடம் குறைவு, இணைப்புக்கு வசதி அதிகம் என்னும்போது, இது வேறெங்கோ இருக்கும் பாடத்தை எட்டிப் பார்க்க உதவும் ஜன்னல் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பாடமும் தயாராகவே இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளைப் படம்பிடித்து என்.பி.டி.இ.எல். திட்டம் இணையத்தில் ஏற்றி வருகிறது. ‘சாக்ஷாத்’ என்ற கல்வித் தளத்தை 2006-லேயே தொடங்கிவிட்டார்கள். ஆகவே கருவியின் முதல் பயனாளி வைஃபை வசதியுள்ள கல்லூரி விடுதியில், ஆங்கிலத்தில் நடக்கும் பொறியியல் வகுப்பைப் பின்தொடரக்கூடிய மாணவர் என்பது என் ஊகம். அதில் தவறொன்றும் இல்லை. அப்படியானால் அதை அப்படியே சொல்லிவிட்டால், கிராமத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அடுத்த ஆண்டு கணினி வந்துவிடும் என்று பெற்றோர் கணக்குப் போடாமல் இருப்பார்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது பயன்பட வேண்டும் என்றால், என் நம்பிக்கை வைஃபையின் மேல் இல்லை, அந்தச் சின்ன மெமரி கார்டின் மேல்தான் இருக்கிறது. இந்தக் கல்வியாண்டில் சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் 1-ஆம் வகுப்புக்கும் 6-ஆம் வகுப்புக்கும் வந்துள்ளன. இரண்டு ஜி.பி. கார்டு ஒன்றில் ஒரு வகுப்பின் எல்லாப் பாடநூல்களையும் ஏற்றி, மீதி இடத்தில் ஓர் அகராதியையும் சில ஆய்வகச் செய்முறைப் படங்களையும் வைத்து, கருவியோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இணைப்பு இல்லாத ஊரிலும் அது புத்தகமாக வேலை செய்யும்.

புத்தகமாக இருக்க வேண்டுமானால் அது தமிழைச் சரியாகக் காட்ட வேண்டும். சென்ற வாரம் என் பேத்தி தன் புதுக் கைபேசியில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அதில் எங்கள் ஊர்ப் பெயரே கோவில்பட்டியாக இல்லை. முதலில் ஒரு ‘க’ தனியாக நின்றது. அதற்கடுத்துப் புள்ளிகளாலான ஒரு வட்டமும், அந்த வட்டத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் துணைக்காலும் கிடந்தன. “தாத்தா, இது ஊரா, கணக்கா?” என்று கேட்டாள். காரணம் எளிது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடாகிய யூனிகோடு முறையில் ‘கோ’ என்பது முதலில் ககரமாகவும் பிறகு ஓகாரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைப்பது மென்பொருளின் வேலை. எழுத்துரு மட்டும் இருந்து இந்த வேலை நடக்காவிட்டால், கொம்பும் காலும் போட்ட சொல்லெல்லாம் சிதறிவிடும். லினக்ஸ் மேசைக் கணினிகளில் இது எப்போதோ தீர்ந்த சிக்கல்தான். ஆனால் மலிவுக் கருவிக்காக மென்பொருளைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுபோன்ற பகுதிகளே. சென்ற ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதால், இந்தச் சோதனையைத் தில்லி செய்யுமா என்று காத்திராமல் சென்னையே கேட்டு வாங்கலாம்.

அடுத்தது மின்சாரம். சூரிய ஒளியிலும் இயங்கும் என்ற அறிவிப்பைப் படித்ததும் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். திரை ஏழு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், கருவியின் முதுகு ஏறத்தாழ 19 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும், அதாவது 228 சதுர செ.மீ. பரப்பும் உடையது. உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் என்பதால் அந்தப் பரப்பில் விழுவது 23 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மலிவான சூரியத் தகடு அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை மின்சாரமாக்கினாலும் கிடைப்பது இரண்டே முக்கால் வாட்தான். பின்னொளியோடு கூடிய திரையுள்ள இத்தகைய கருவி இரண்டு மூன்று வாட்டாவது எடுக்கும். ஆக, கணக்கு ஏதோ சரிக்கட்டி வருகிறது. ஆனால் தகட்டுக்குத் தீனி போடும் அதே வெயிலில் சாதாரணத் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது! வெயிலில் காயப்போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து படிக்கலாம் என்றால், நல்ல பேட்டரி வேண்டும். பகல் மின்வெட்டுக்குப் பழகிப்போன நம் மாவட்டங்களில் ஒரு கருவிக்குப் பள்ளி நேரம் முழுதும் தாங்கும் பேட்டரி உள்ளதா என்பது அதன் விலையைவிடப் பெரிய கேள்வி.

இந்தக் கேள்விகளை நமக்கு முன்னரே பலர் சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டே ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 2005-இல் அறிவித்த 100 டாலர் மடிக்கணினியை வேண்டாம் என்று 2006-இல் நம் கல்வித் துறை ஒதுக்கியது. அதன் விலை பின்னர் 200 டாலரை நெருங்கியது உண்மை. ஆனால் வெயிலிலும் படிக்கத் தக்க திரையை அந்தக் குழுவினர் செய்துகாட்டினார்கள் என்பதும் உண்மை. பெங்களூரில் உருவாகி 2004-இல் சந்தைக்கு வந்த நம் சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி, படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும் கருவியாக எண்ணப்பட்டது. அதுவும் எதிர்பார்த்தபடி பரவவில்லை. தோற்றுப்போனவை என்று இவற்றைத் தள்ளிவைக்காமல், எந்த இடத்தில் இடறின என்று அமைச்சகம் எடுத்துப் பார்த்திருக்கும் என நம்புகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பத்துக் கணினிகள் வந்திறங்கின. தையல் ஆசிரியையைக் கொண்டு அவற்றுக்குத் துணி உறை தைத்தோம். அறைச் சாவி என்னிடம் இருந்தது. முதல் ஆண்டில் யு.பி.எஸ். பேட்டரி உப்பிக்கொண்டது, மாற்றுவதற்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அறையைப் பாடம் நடத்துவதற்காக நான் திறந்த நாள்களைவிடத் தூசி தட்டுவதற்காகத் திறந்த நாள்கள் அதிகம். கருவி வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், பழுதுபார்க்க ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

ஆகவே இலட்சக்கணக்கில் கொள்முதல் செய்வதற்கு முன்னர், நூறு கருவிகளை மட்டும் நான்கைந்து ஊர்களில் கொடுத்து வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வாட்டும் ஏப்ரல், மே மாதங்களில் சோதித்துப் பார்க்கும்படி அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாள் இயங்கியது, எத்தனை முறை சார்ஜ் இறங்கியது, எந்தப் பக்கத்தில் கொம்பும் காலும் பிரிந்து நின்றன என்று யாராவது தினமும் குறித்துவைக்க வேண்டும். எங்கள் ஊரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால், அந்த நோட்டைச் சம்பளமின்றி எழுதித் தர நான் தயார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோவில்பட்டி.
ஆகஸ்ட் 2010