அம்மாவின் மூச்சுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

மதுரை தெப்பக்குளம் அருகே முப்பது ஆண்டுகள் விறகடுப்பில் இட்லி அவித்து விற்றவர் என் அம்மா. புகையிலையைத் தொட்டதே இல்லை. பிறகு எப்படி இந்த நோய் என்று கேட்டேன். அடுப்புப் புகையே போதும் என்றார் டாக்டர். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். முற்றிலும் குணமாகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். அந்த வித்தையை அம்மாவின் கையிலேயே கொடுத்தவர்கள் நீங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி நெஞ்சகப் பிரிவின் செவிலியர் அக்காவுக்கு முதல் வணக்கம். அதற்கு முன் வேறோர் இடத்தில் மருந்தை வாய்வழியே மூச்சோடு இழுக்கும் பம்ப்பை (இன்ஹேலரை) எழுதிக் கொடுத்தார்களே தவிர, இழுக்கும் விதத்தைச் சொல்லித் தரவில்லை. மருந்து தொண்டையோடு நின்றுபோக, ஓராண்டு வீணாக மூச்சிளைத்தார் அம்மா. "எங்கே, ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, பம்ப்போடு மாட்டும் ஸ்பேசர் குழாயில் வாய் பொருத்தி, ஒரே ஓர் அழுத்து. மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, கடைசியில் வாய் கொப்பளிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா இன்று அதைத் தாலாட்டுப்போல் ஒப்பிக்கிறார்.

சளியின் நிறத்தைக் கவனிக்கச் சொன்னதும் நீங்கள்தான். என் மகன் தினசரி காலண்டர் தாளில் வண்ணப் பென்சிலால் குறித்து வைப்பான். போன மார்கழியில் ஒருநாள், "மஞ்சளாகிவிட்டது, இளைப்பும் கூடியிருக்கிறது, கிளம்பு" என்று அம்மாவே சொன்னார். விடியும் முன் வாசலுக்கு வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும் நன்றி. அன்றே மருந்து கிடைத்ததால் படுக்கையில் சேர்க்க நேரவில்லை.

எங்கள் தெருவினரே, குப்பை கொளுத்துவதை நிறுத்தினீர்கள். போகியன்றுகூட எங்கள் வாசல் பக்கம் நெருப்பில்லை. இதை நாங்கள் வாய்விட்டுக் கேட்கவே இல்லை.

பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு என்ன சொல்வது? மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் விடவேண்டும் என்றீர்கள். அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "ஊதுகுழலில் அடுப்பு ஊதுவீர்களே, அந்த உதடுதான் அம்மா, ஆனால் தணல் பறக்கக்கூடாது, அத்தனை மெதுவாக" என்றீர்கள். உடனே வந்துவிட்டது.

இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு. மாலையில் அம்மா உதட்டைக் குவித்து ஊதியபடியே, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, தெப்பக்குளத்தின் ஒரு கரையை நடந்து முடிக்கிறார்.

நன்றியுடன்,
இட்லிக்கடை அம்மாவின் மகள்