கலுங்குக்குக் காவல்

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வியட்நாமில் மீகாங் ஆற்று டெல்டாவில் பென் ட்ரே பக்கம் வாய்க்காலெல்லாம் உப்புக் கரிக்கிறது, குடிதண்ணீர் லாரியில் வருகிறது என்று எழுதியிருந்தாய். என் ஐயா சைகோன் லேவாதேவிக் கிட்டங்கியில் இருந்த காலத்தில் அந்த டெல்டா நெல்லை நம்பித்தான் கடனே கொடுப்பார்களாம். அந்த மண்ணிலா இப்படி!

இங்கே ஐப்பசியில் ஒரு தகராறு. மேல்கண்மாய்க்காரர்கள், கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள். ஒரு முழம் தண்ணீர் அவர்களுக்குக் கூடுதலாக நிற்கும். நமக்கு அந்த மறுகால் தண்ணீர் வராது. நம் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையைக் கிழிக்கக் கிளம்பிவிட்டார்கள். தடுத்து, ஐயனார் கோயிலில் உட்காரவைத்துப் பேசினோம். பங்குக் கணக்கு பேசப் பேசச் சண்டைதான் வளர்ந்தது. கடைசியில், ஊருக்கு ஒருவராகக் கலுங்கில் இரண்டு பேர் காவல், மூட்டை வைப்பதும் எடுப்பதும் இருவரும் சேர்ந்துதான் என்று முடித்தோம். அப்புறம் சத்தமில்லை.

உன் மீகாங்கில் இந்தக் காவல்தான் இல்லை. 1995ல் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கும் சேர்ந்து ஆணையம் அமைத்தன. ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் சீனா அதில் உறுப்பினரே இல்லை. சரி, உள்ளே இருப்பவர்களாவது? லாவோஸ் மீகாங்கின் குறுக்கே கட்டவிருந்த சயாபுரி அணையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கம்போடியாவும் வியட்நாமும் கேட்டன. ஒப்பந்தப்படி கலந்து பேச வேண்டும். தடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. லாவோஸ் கட்டியது, 2019ல் மின்சாரமும் எடுத்தது.

2016 வறட்சியில் வியட்நாம் கேட்டுக்கொண்டதால் சீனா தன் மண்ணில் உள்ள சிங்ஹோங் அணையைத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் கேட்டு வாங்கும் தண்ணீரை நம்பி எவன் நாற்று விடுவான்? முதலில் வெள்ளக் காலத்துக்கு மட்டும் கொடுத்த நீர்மட்டக் கணக்கை 2020ல் வருஷம் முழுவதும் தருவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். எவ்வளவு வரும் என்பதைவிட எப்போது வரும் என்று தெரிந்தாலே கடைமடைக்காரனுக்குப் பாதி நிம்மதி.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972ல் ஓர் அமைப்பு தொடங்கின. மனந்தாலி அணை இருப்பது மாலி மண்ணில், சொந்தமோ மூவருக்கும். மின்சாரம் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 சதவீதம். 1989ல் செனகலும் மொரிட்டானியாவும் அடித்துக்கொண்டு தூதரக உறவையே முறித்துக்கொண்டன. அப்போதும் அமைப்பு உடையவில்லை. கூட்டுச் சொத்தை நடுவில் வைத்துக்கொண்டு எப்படி உடைப்பது? நம் பக்கம் பாகப்பிரிவினை ஆகாத வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட மராமத்துச் செலவுக்கு ஒன்று கூடுவதில்லையா! (எங்கள் வீட்டு முகப்பு ஓட்டுக்கு இன்னும் மூன்று பங்காளிகள் காசு தரவில்லை, அது வேறு கதை.)

மழைக்காலத்தில் மீகாங் பெருகி, கம்போடியாவின் டோன்லே சாப் ஆறு பின்னோக்கிப் பாய்ந்து ஏரியை நிரப்பும் அல்லவா? மீன் வரத்தே அதை நம்பித்தான். இந்த வருஷம் எத்தனை மாதம் பின்னோக்கி ஓடியது, மீன் எப்படி என்று கம்போடியா பக்கம் போனால் விசாரித்து எழுது.

பூசத்துக்குப் பழனி நடைக்குப் பேர் கொடுத்துவிட்டேன். தை பிறப்பதற்கு முன்னால் வருவதானால் உன் பெயரையும் சேர்க்கிறேன், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
மெய்யப்பன்