கர்ட் கோபேனுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கர்ட் கோபேன் பாடிய அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவைக் கேட்டே கல்லூரிக் காலத்தைக் கழித்தவன் நான். கோபேனைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் 1994 ஏப்ரலில், அவர் 27 வயதில் இறந்ததில்தான் போய் நிற்கிறார்கள். நான் அங்கே போகவில்லை. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தாய்மாமாவுக்கு. மருமகனின் 14-வது பிறந்தநாளுக்கு சைக்கிள் வேண்டுமா, கிடார் வேண்டுமா என்று கேட்டீர்களே, அதற்கு. அவன் வளர்ந்த அபர்டீன் மாதிரி மரம் வெட்டிப் பிழைக்கும் ஊரில் சைக்கிளாவது எதற்காவது உதவியிருக்கும். பையன் கிடாரைக் கேட்டான். நீங்களும் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அப்புறம் சித்தி மாரி எர்லுக்கு. 1982-இல் உங்கள் வீட்டில்தான் அவன் முதல் டேப் பதிவானது. டிரம்ஸ் கிடையாது, காலி சூட்கேஸை மரக்கரண்டியால் அடித்தான். அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டதே பெரிய உபகாரம்.

ஜாக் எண்டினோ, 1988 ஜனவரி 23 அன்று ஒரே மதியத்தில் கோபேன் குழுவின் பத்துப் பாட்டைப் பதிவு செய்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். டேப்பைக் கொண்டுபோய் சப் பாப் இசைத்தட்டுக் கம்பெனியின் ஜொனதன் போன்மனிடம் கொடுத்தீர்கள் பாருங்கள், அதற்குத்தான் நன்றி.

ஜேசன் எவர்மன், உங்களுக்கு என்ன சொல்ல? 1989-இல் வந்த நிர்வாணாவின் முதல் ஆல்பமான 'ப்ளீச்'சின் பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அதைக் கட்டியது நீங்கள். ஆல்பத்தில் நீங்கள் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் உறையில் கிடார் கலைஞர் என்று உங்கள் பெயர் இருக்கிறது, முன்னட்டைப் படத்திலும் நிற்கிறீர்கள். எங்கள் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுவார்கள், அது மாதிரி. அந்த வருடமே குழுவை விட்டும் போய்விட்டீர்கள். 1992 ஜனவரியில் நிர்வாணாவின் அடுத்த ஆல்பமான 'நெவர்மைண்ட்' மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைக் கீழே தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததை நினைத்தால் எனக்கென்னவோ உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

கடைசியாக, இசைச் சேனலான எம்டிவியின் அலெக்ஸ் கொலெட்டிக்கு. 1993 நவம்பர் 18, நியூயார்க்கில் நிர்வாணாவின் 'அன்ப்ளக்ட்' கச்சேரி. மேடை முழுக்க லில்லிப் பூவும் கறுப்பு மெழுகுவர்த்தியும் வேண்டும் என்றார் கோபேன். சாவு வீடு மாதிரியா என்று கேட்டீர்கள், ஆமாம் என்றார். சரியென்று செய்துகொடுத்தீர்கள். மின்சாரம் இல்லாத கச்சேரி என்று பேர், அவரோ ஆம்ப்ளிஃபையரை விட மாட்டேன் என்றார். அதன் முன்னால் ஒரு போலிப் பெட்டியை வைத்து மறைத்தீர்கள்.

அந்தப் பெட்டிக்கும் சேர்த்து நன்றி.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்