எங்கள் வட்டார வெண்பன்றி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது பால் மறந்த குட்டிகளின் கழிச்சலைப் பற்றித்தான். உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கான கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் மத்திய அரசு 2019-ல் தடை செய்தது. அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. ஆனால் மாற்று என்ன என்ற கேள்வி நம் கொட்டகைகளில் இன்னும் நிற்கிறது. மீன் எண்ணெய்ப் பேச்சு வந்தது அப்படித்தான்.

தாயிடமிருந்து பிரித்த குட்டி ஓரிரு நாள் தீவனத்தைச் சரியாகத் தொடாது. அந்தப் பட்டினியில், குடலின் உள்பக்கம் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் நீட்சிகளான குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன, குடல் சுவரின் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பும் தளர்கிறது. கிருமிகளின் நச்சு உள்ளே கசிந்ததும் உடல் அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சி வருவது குட்டியைக் காக்கத்தான். அளவு மீறினால் காய்ச்சல் வரும், தீனி குறையும், வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த நம் தீவனத்தில் ஒமேகா 6 கொழுப்பு மிகுதி. அதிலிருந்து உருவாகும் அராக்கிடோனிக் அமிலம் செல் சவ்வில் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களுக்கு மூலமாகிறது. மத்தி போன்ற கொழுப்பு மீன்களின் எண்ணெயில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா 3 கொழுப்புகள் இரண்டும் அதன் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கின்றன. அவற்றிலிருந்து வரும் பொருள்களுக்கு அழற்சியைத் தூண்டும் வேகம் குறைவு. ஆளி விதை எண்ணெயிலும் ஒமேகா 3 உண்டு. ஆனால் பன்றியின் உடல் அதில் சிறு பங்கையே இந்த இரண்டாக மாற்றுகிறது.

சீனாவின் வூகான் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வைக் கூட்டத்தில் விளக்கினோம். பால் மறந்த குட்டிகளில் ஒரு பகுதிக்கு 5 சதவீதம் மீன் எண்ணெய், இன்னொரு பகுதிக்கு 5 சதவீதம் மக்காச்சோள எண்ணெய் என்று சுமார் மூன்று வாரம் கொடுத்து, பிறகு ஈ.கோலை கிருமியின் நச்சை ஊசியில் ஏற்றினார்கள். மீன் எண்ணெய் தின்ற குட்டிகளின் குடல் குறைவாகவே சேதமானது, அழற்சியைக் காட்டும் டி.என்.எஃப். அளவும் குறைந்திருந்தது. இது ஆய்வகத்தில் ஊசி போட்டுப் பார்த்தது. ஈரத் தரையும் ஈ மொய்க்கும் தொட்டியும் உள்ள கொட்டகைக்கு அதே பலனை யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

நம் உறுப்பினர்கள் சிலர் 100 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ என்ற அளவில் கலந்தார்கள். குட்டிகள் தெளிவாக இருக்கின்றன என்கிறார்கள். கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் எண்ணெய் இல்லாத குட்டிகளோடு ஒப்பிடாத வரை இதைச் சங்கத்தின் முடிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. வரும் ஆண்டில் ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டாகப் பிரித்து எடை, கழிச்சல், இறப்பு மூன்றையும் நோட்டில் குறித்து வர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். காறல் வாடை அடிக்கும் எண்ணெயை வாங்காதீர்கள். கெட்டுப்போன எண்ணெய் நன்மைக்குப் பதில் தீமையே செய்யும். சின்ன டப்பாவாக வாங்கி, வெயில் படாமல் வைத்து, அன்றன்றைக்குக் கலந்துவிடுங்கள். கொழுப்பு கெடுவதைத் தடுக்கும் வைட்டமின் ஈ எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், கறிக்குப் போகும் பன்றிக்கு இது வேண்டவே வேண்டாம். கொழுப்பு இளகும், கறியில் மீன் வாடை ஏறும். ஓர் உறுப்பினரின் கறியை வியாபாரி திருப்பி அனுப்பியதை எல்லோரும் அறிவீர்கள்.

2020-ல் நம் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்த எண்ணெய் மருந்தல்ல. அந்த நோய் பரவ வழியாகும் ஹோட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடுவதை இன்னும் சிலர் விடவில்லை. அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேச நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

எண்ணெயை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. ஒப்பீட்டுக்குக் குட்டிகளைத் தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்