நகராத பார்சலைப் பற்றி மகளுக்கு

தங்கச்சிமடம்

அன்புள்ள மகள் ஜெசிந்தாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் மூச்சிரைப்புக்காக நீ ஹைதராபாத்தில் இருந்தபடியே இணையத்தில் வாங்கி அனுப்பிய, மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் இழுக்கத் தரும் நெபுலைசர் கருவி ஒரு வழியாக இன்று காலை வந்து சேர்ந்தது. வரும்வரை ஒன்பது நாட்கள் நீ பட்ட தவிப்பை நான் அறிவேன். நடு இரவிலும் அலைபேசியைத் திறந்து பார்த்திருக்கிறாய். நேற்று முன்தினம் பார்சல் கொண்டு வரும் தம்பியை அழைத்துக் கடுமையாகப் பேசியும் இருக்கிறாய். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த இராமேஸ்வரம் தீவில் தபால் பையைத் தோளில் சுமந்தவன் நான். ஒரு பார்சல் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது, எதுவரை பொறுக்கலாம், எப்போது விடாமல் கேட்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருந்தால் இந்த ஒன்பது நாட்களில் பாதி நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாய்.

பார்சல் இப்போது எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டுவதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். யாரோ ஒருவர் கடைசியாக அதன் பார்கோடை ஸ்கேன் செய்த இடமும் நேரமும் மட்டுமே அங்கே தெரியும். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவே அது லாரியில் ஓடிக்கொண்டிருக்கலாம், கிடங்கின் மூலையில் கிடக்கலாம், தவறான ஊருக்கே போய்க்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே வரிதான் நிற்கும். "ஷிப்டு", அதாவது அனுப்பியாயிற்று, என்று முதல் நாளே வந்த செய்தியைப் பார்த்து நீ மகிழ்ந்தாய் அல்லவா? விற்பவர் முகவரிச் சீட்டை அச்சடித்தவுடனே அப்படிக் காட்டும் கடைகள் உண்டு. கூரியர்காரர் கையில் எடுத்துக்கொண்டதற்கான முதல் ஸ்கேன் எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பார். பயணம் தொடங்குவது அன்றிலிருந்துதான். உன் பார்சலுக்கு அது மூன்றாம் நாள்தான் விழுந்திருந்தது.

அதன் பிறகு நான்கு நாட்கள் "இன் டிரான்சிட்", அதாவது வழியில் இருக்கிறது, என்ற ஒரே வரி அசையாமல் நின்றதுதான் உன்னை மிகவும் வாட்டியது. அதற்கான காரணத்தை விளக்க, நான் வேலைக்குச் சேர்ந்த 1984ஆம் ஆண்டுக்கு உன்னை அழைத்துப் போக வேண்டும். அப்போது தீவுக்குச் சாலைப் பாலம் கிடையாது. அது 1988இல்தான் திறக்கப்பட்டது. 1914இல் கட்டிய ரயில் பாலத்தின் வழியாகத்தான் எங்கள் தபால் முழுவதும் கடலைக் கடந்து வந்தது. சாக்குப் பையின் கழுத்தைச் சணல் கயிற்றால் இறுக்கி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி முத்திரை குத்தி, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று எழுதிய சீட்டையும் அதில் கட்டியிருப்பார்கள். போஸ்ட்மாஸ்டர் கண்ணெதிரே அந்த அரக்கை உடைத்துப் பையைக் கவிழ்த்த பிறகுதான் உள்ளே யாருடைய கடிதம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வழியில் இருந்தவர்களுக்குப் பை ஒன்று போகிறது என்று தெரியுமே தவிர, அதில் உன் தாத்தாவின் மணியார்டர் இருந்தது தெரியாது.

இன்றைக்கும் அடிப்படை அதுவே. ஒரே திசைக்குப் போகும் பல பார்சல்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, சாக்குக்கென்று தனி எண் ஒட்டுகிறார்கள். பல இடங்களில் வழியிலுள்ள கிடங்குகளில் சாக்கின் எண்ணை மட்டுமே ஸ்கேன் செய்கிறார்கள். சாக்கைப் பிரிக்கும் ஊர் வரும்வரை உள்ளிருக்கும் பார்சல் வாய் திறக்காது. உன் பார்சல் வந்த சாக்கு மதுரையில் நின்றுவிட்டது என்று கொண்டு வந்த தம்பியே சொன்னார். தீபாவளித் தள்ளுபடி விற்பனையில் வந்து குவிந்த சரக்கை இறக்க ஆளும் இடமும் போதாமல், அடியில் அகப்பட்ட சாக்குகள் நாள்கணக்கில் கிடந்தனவாம். அந்த நான்கு நாட்களில் உன் பார்சல் எந்தக் கெடுதியும் இல்லாமல் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

விமானத்தில் வரும் என்றும் நீ எதிர்பார்த்திருக்கிறாய். லித்தியம் பேட்டரி உள்ள சாமான்களுக்கு விமானத்தில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், பலரும் அவற்றைச் சாலை வழியாகவே அனுப்புகிறார்கள். இந்தக் கருவியும் அப்படிப்பட்டதுதான். மதுரை வந்த பின்னும் இராமநாதபுரம், அங்கிருந்து பாலம் தாண்டித் தீவு என்று வர வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தத்துக்கு வரும் வண்டிகளுக்கு நடுவே டெலிவரி வேன் ஊர்ந்துதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் பாலத்தைக் கடப்பதே காற்றின் தயவில்தான். இன்ன தேதிக்குள் வரும் என்று கடை முதலிலேயே சொல்வது, முன்பு அனுப்பிய பார்சல்கள் எடுத்துக்கொண்ட நாட்களை வைத்துப் போடும் கணக்கு. காற்றுக்கும் கூட்டத்துக்கும் தக்கபடி அது மாறும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ள வேண்டிய தாமதங்கள். பொறுக்கக் கூடாதது ஒன்று உண்டு. எட்டாம் நாள் பகலில், "வீட்டில் ஆள் இல்லை, டெலிவரி முயற்சி தோல்வி" என்று திரையில் வந்தது. அன்று முழுவதும் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவுக்குள் ஒரு வண்டியும் வரவில்லை. பகலுக்குள் முடிக்க முடியாத பார்சலுக்கு இப்படி ஒரு பொய்க் காரணத்தைப் பதிந்து கணக்கை முடித்துக்கொள்வது, முப்பத்திரண்டு வருடம் வெயிலில் நடந்தவனுக்கு மிகவும் வலிக்கிற செயல். எங்களிடம் பூட்டிய வீட்டுக்குத் தகவல் சீட்டு வைத்துவிட்டு வரும் வழக்கம் இருந்தது. சீட்டு வைக்காமல் "ஆள் இல்லை" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். இப்படி நடந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் செய். விட்டுவிட்டால் இரண்டு மூன்று "முயற்சி" சேர்ந்ததும் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

ஆனால் நீ திட்டியது வேறொருவரை, அம்மா. பொய்யைப் பதிந்தது இராமநாதபுரத்தில் யாரோ. நீ அழைத்ததோ இன்று காலை கொண்டு வந்த தம்பியை. பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, பாம்பனுக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே நாள் முழுவதும் இரு சக்கர வண்டியில் அலைபவர் அவர். அடுத்த முறை அவர் எண் உன் கைக்கு வந்தால் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசு. அந்த வார்த்தையை நானே அவரிடம் சொல்லிவிட்டேன் என்றாலும், உன் வாயால் கேட்டால் அவருக்கு மனம் ஆறும்.

புகாரை யாரிடம் செய்வது என்பதையும் தெரிந்துகொள். நீ பணம் கொடுத்தது கடைக்கு. கூரியரை அமர்த்தியது கடை. ஆகவே முதலில் கடையைத்தான் கேட்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் உன் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அங்கே பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் எண், ஸ்கேன் வரிகளின் படம், நீ பேசிய தேதிகள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பேசு.

தபாலில் வரும்போது உனக்குப் பதின்மூன்று எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு தருவார்கள். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், முடிவில் நம் நாட்டுக்கான இரண்டு எழுத்து. ஒன்பதாம் இலக்கம், முந்தைய எட்டையும் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்காக வைத்தது. ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வரும். பார்சல் தொலைந்துவிட்டது என்று அதற்குள் கலங்க வேண்டாம்.

முகவரி விஷயத்தில் எனக்கு உன்மேல் சிறிது வருத்தம். கடையில் நீ சேமித்து வைத்திருக்கும் முகவரியில் "சர்ச் அருகில்" என்று மட்டும் இருக்கிறது. இந்த ஊரில் எத்தனை சர்ச்சுகள், எத்தனை அருகில்! தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட் என்று சேர்த்து எழுது. பின்கோடு 623529 என்பதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார். முதல் மூன்று இலக்கம் எந்த வட்டாரத்தில் பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்லும், கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்பதை. 623 என்பதை அவசரத்தில் 632 என்று எழுதிய கடிதங்கள் வேலூர் வரை போய்ச் சுற்றிவிட்டு என் கைக்கு வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான், "முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பில் ஐந்து ரூபாய் கட்டுங்கள்" என்ற குறுஞ்செய்தி வரும். போன வாரம் அம்மாவுக்கு வந்தது. நல்ல வேளை, என்னிடம் காட்டினாள். கேட்பது ஐந்து ரூபாய்தான். அதைக் கட்டும்போது கொடுக்கும் கார்டு விவரம்தான் அவர்களுக்கு வேண்டியது. அப்படி எதையும் தொடாதே. தெரியாமல் தொட்டுப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழை.

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு அந்தத் தம்பி பச்சை கேட்டைத் தட்டினார். பெட்டியின் ஒரு முனை மட்டும் நசுங்கியிருந்தது; டேப் பிரிக்கப்படாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, நீ அனுப்பிய ஓடிபியைச் சொன்னேன். தெருவில் சிக்னல் சரியாக இல்லாததால் அவர் கருவி உடனே பதியவில்லை. மாலை நான்கு மணிக்கு நீ அழைத்து, "இன்னும் அவுட் ஃபார் டெலிவரி என்றுதான் காட்டுகிறது" என்றபோது அம்மா நெபுலைசரை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் பேசவில்லை. இப்போது இரைப்பு குறைந்து தூங்குகிறாள். கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டி வரலாம் என்பதால் நசுங்கிய பெட்டியையும் ரசீதையும் அலமாரி மேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அப்பா